பத்து விரல் சிவப்பு

துபாயில் ஒன்பது வருஷம் ஆபீசில் இருந்தேன் என்று நான் ஊரில் சொல்லிவைத்தது முழுப்பொய் இல்லை. ஆபீசில்தான் இருந்தேன். பதினாலாவது மாடி. விடியற்காலை ஐந்தரைக்குப் போய்த் தரையைத் துடைப்பேன். பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. நடுவில் டீ போட்டுக் கொடுப்பேன். 'ஆபீசில் இருந்தேன்' என்று சொன்னதும் கேட்டவர்கள் நாற்காலியை நினைத்துக்கொண்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் நான்கு போட்டோ மாட்டியிருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு, கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, பின்னால் கண்ணாடிக் கட்டடத்தோடு நிற்கிறேன். திரும்பி வந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்குக்கு மோட்டார் போடுகிற வேலை. இருந்தாலும் வலங்கைமான் வரைக்கும் நான் துபாய் ஆபீஸ் முருகையன்தான்.

அந்தப் பொய்யால் இத்தனை நாள் யாருக்கும் நட்டமில்லை. போன புரட்டாசியில் பரிதிக்கு நட்டமாகிப்போனது.

பரிதி எங்கள் பக்கத்து வீட்டுக் காத்தானுக்கும் கண்ணாத்தாளுக்கும் ஒரே பிள்ளை. விவசாயத்தில் டிப்ளமோ முடித்து மூன்று வருஷம். கெட்டிக்காரன். வரப்பில் நின்றே நாற்றங்காலைப் பார்த்து எத்தனை நாள் நாற்று, என்ன ரகம் என்று சொல்லிவிடுவான். வேலை மட்டும் அமையவில்லை. இரண்டு இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். ஒரு இடத்தில் ரப்பர் செருப்போடு வந்தவனை வாசலிலேயே மேலும் கீழும் பார்த்தார்களாம். இன்னொரு இடத்தில் சட்டைக் காலரில் இருந்த வாழைக்கறையை உள்ளே உட்கார்ந்த பிறகுதான் கவனித்தானாம். அதற்கப்புறம் அவன் வாயே திறக்கவில்லையாம். இனி எங்கே கூப்பிட்டாலும் போக மாட்டேன் என்று இருந்தவனைக் கண்ணாத்தாள்தான் கெஞ்சிக் கூத்தாடித் தஞ்சாவூரில் ஒரு விதைக் கம்பெனிக்கு எழுதிப் போட வைத்தாள். வயல்வயலாகப் போய் விவசாயிகளைப் பார்க்கிற ஃபீல்டு ஆபீசர் வேலை.

"இதுதான் கடைசி மாமா. இதுவும் இல்லேன்னா நான் திருப்பூர் போயிடுவேன், பனியன் கம்பெனிக்கு" என்று என்னிடம் சொல்லியிருந்தான். திருப்பூர் என்ற பேச்சே கண்ணாத்தாளுக்கு ஆகாது. அவள் தம்பி அங்கே போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்குத் தீபாவளிதான் முகத்தைக் காட்டுகிறான்.

எழுதிப் போட்டு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. அதற்குள் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் இப்போதெல்லாம் மெஷின் நடவுதான். காத்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிற மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், மட்டும் தண்ணீர் தேங்குகிற பள்ளக்கால் நிலம். மெஷினை இறக்கினால் சக்கரம் முழுகிவிடும், கையால்தான் நட்டாக வேண்டும். நாற்று பறிக்க ஆள் கிடைக்கவில்லை. அப்பனும் பிள்ளையுமாக ஐந்து நாள் தண்ணீரில் நின்று குனிந்து பறித்தார்கள். பறித்ததை வேரலசிக் கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோய் வீசினார்கள். மழை வேறு நிற்காமல் தூறிக்கொண்டே இருந்தது. மத்தியானம் கண்ணாத்தாள் தூக்குவாளியில் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவருவாள். பரிதி வாய்க்காலில் கையை அலசிக்கொண்டு நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி இறங்குவான்.

ஐந்தாம் நாள் அவன் கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி வெடித்துவிட்டது. கையில் நகக்கண்கள் வீங்கிப்போயின. சேற்றுப்புண் வந்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். அதற்கு எங்கள் பக்கத்து நடவுக்காரப் பெண்களின் வைத்தியம் மருதாணி. மஞ்சளும் சேர்த்து மைபோல அரைத்து, பூசிக்கொண்டு படுத்தால் புண் ஆறும், தோலும் கெட்டிப்படும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணாத்தாள் கொல்லையில் பறித்து அரைத்துக்கொண்டு வந்து மகன் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலுக்கு மட்டும் போடும்மா. கைக்கெல்லாம் வேணாம், பொம்பளை மாதிரி இருக்கும்."

"நகக்கண்ணு வீங்கிக் கெடக்கு, பொம்பளையாம்ல பொம்பளை! சேறு என்ன ஆம்பளை பொம்பளை பாத்தா கடிக்குது? காட்டுடா கையை."

என் வீட்டுக்காரி தங்கமணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தாள். "ஏன்டி கண்ணாத்தா, மாப்பிள்ளைக்கு மருதாணி எல்லாம் பலமா இருக்கே. பொண்ணு எந்த ஊருடி?"

"பள்ளக்கால் வயலுதான்க்கா பொண்ணு. தாலி கட்டாத கொறை ஒண்ணுதான்."

எல்லாரும் சிரித்தோம். பரிதியும் சிரித்துக்கொண்டே பத்து விரலையும் நீட்டினான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவன் போனுக்குச் செய்தி வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, நேர்த்தியான உடையில் வரவும் என்று போட்டிருந்தது. பரிதி போனைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பத்து விரலும் முதல் கணு வரைக்கும் செக்கச்செவேல் என்று தொப்பி போட்டிருந்தது. கண்ணாத்தாள் கை பட்டால் மருதாணி அப்படிப் பற்றும். நேரே என்னிடம் ஓடிவந்தான். நான்தானே துபாய் ஆபீஸ்.

நான் அப்போதே, தம்பி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? பதினாலாவது மாடிக்கு நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் நான் துடைத்த தரையில்தான் நடந்து போவார்கள். குனிந்து துடைக்கிறவன் கண்ணுக்கு ஷூதான் தெரியும். பளபளவென்று ஷூ போட்டு வந்தவனுக்கு வேலை கிடைத்ததா, கிழிந்த ஷூக்காரனுக்குக் கிடைத்ததா, எனக்குத் தெரியாது. கதவுக்கு உள்ளே நடந்ததை நான் எங்கே கண்டேன்? ஆனாலும் கூடவே உட்கார்ந்து கேள்வி கேட்டவன் மாதிரிப் பேசினேன்.

"மொதல்ல கையை மறைக்கணும்டா. மருதாணி வச்ச ஆம்பளையை எந்த ஆபீஸ்லயும் மதிக்க மாட்டான். துபாய்லல்லாம் நகத்தைத்தான் மொதல்ல பாப்பான்."

"வயலுக்குப் போற வேலைதானே மாமா? சேத்துப்புண்ணுக்குப் போட்டதுன்னு சொல்லிட்டா என்ன?"

"சொல்லு, நல்லா சொல்லு! ஆபீசர் வேலைக்கு ஆளைக் கூப்புட்டா நாத்து பறிக்கிறவன் வந்து நிக்கிறான்னு சிரிப்பான். எங்களுக்கு நெலம் இருக்கு, ஆள் வச்சுப் பாக்குறோம், நாங்க வயல்ல எறங்குறதில்லைன்னு சொல்லணும். வெளங்குதா?"

காத்தான் பக்கத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக் காம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாதவன். தலையைத் தூக்காமலே கேட்டான். "நாத்துதானே மச்சான் பறிச்சான், திருடிப்புட்டு வரலையே. அதை எதுக்கு மறைக்கணும்ங்கறேன்?"

"நீ சும்மா இரு மச்சான். ஆபீசைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

காத்தான் காம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அது எனக்கு அப்போதே தெரியும். நாலு பேர் முன்னால் என் துபாயைக் காப்பாற்றிக்கொள்ள அவன் வாயை அடைத்தேன்.

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் பார்த்தோம். துணி சோப்பு, பற்பசை எல்லாம் போட்டோம். மருதாணி அசையவில்லை. கடைசியில் டேங்குக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளிவந்து வாளித் தண்ணீரில் கரைத்தேன்.

"அண்ணே, புண்ணு மேல அது எரியுமேண்ணே" என்றாள் கண்ணாத்தாள்.

"எரியட்டும். வேலை வேணுமா வேணாமா?"

பரிதி கையை விட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். எடுத்துப் பார்த்தால் சிவப்பு போகவில்லை, துருப்பிடித்த ஆணி நிறத்துக்கு மாறியிருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து தொங்கியது. கண்ணாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். செய்தது நான். அந்த ஆத்திரத்தை யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது எனக்கு.

"எல்லாம் உன்னாலதான் கண்ணாத்தா. படிச்ச புள்ளைக்கு எந்தத் தாயாச்சும் கையில மருதாணி வைப்பாளா? நாளைக்கு வேலை இல்லேன்னு திருப்பூருக்குப் போனான்னா உன்னையத்தான் நெனைச்சுக்கணும்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை அவனை வலங்கைமானுக்குக் கூட்டிக்கொண்டு போய் முடி வெட்டி, தாடி மழித்து, முகத்துக்கு என்னென்னமோ பூசச் சொன்னேன். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கக் கூடாது என்றேன். மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றை அறுத்தேன். இளநீலச் சட்டை என்னுடையது. பெட்டியில் இருந்து என் கறுப்பு ஷூவையும் எடுத்தேன். அது ஒரு மேனேஜர் ஊரைக் காலிசெய்யும்போது குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனது, பொறுக்கி எடுத்து வைத்திருந்தேன். பரிதிக்கு ஒரு சைஸ் சின்னது. புண் காலைத் திணித்துப் பார்த்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைக்கு ஒரு பொழுதுதான், பொறுத்துக்க. என்ன ஆனாலும் ஷூவை மட்டும் கழட்டாதே. கால்விரலும் செவப்பா இருக்கு பாரு."

கைவிரல்களுக்கு மருந்துத் துணியைச் சுற்றிக் கட்டினேன். பைக்கில் இருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தேன்.

புதன்கிழமை காலை கிளம்பும்போது கண்ணாத்தாள் விபூதியோடு வந்தாள். "நெத்தியில ஒண்ணும் வேணாம் கண்ணாத்தா, பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றேன். எடுத்த விபூதியை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டாள்.

பாபநாசம் போய் பஸ் மாறித் தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தோம். கம்பெனி புறவழிச்சாலைக்கு அப்பால் இருந்தது. முன்னால் ஆபீஸ், பின்னால் கம்பிவேலி போட்ட அரை ஏக்கர் வயல். ரகம் ரகமாக நாற்று விட்டு, பலகையில் பெயர் எழுதி நட்டிருந்தார்கள். அந்த வயலைப் பார்த்ததுமே நான் சொல்லிக்கொடுத்தது தப்போ என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை, அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மொத்தம் ஆறு பேர். உள்ளே கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிவாக்கில் எல்லாரையும் வயலுக்கு அழைத்து வந்தார்கள். அழைத்து வந்தவர் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், பருத்திப் புடவை. பிரகதீஸ்வரி என்று பெயர், ஒரத்தநாட்டுப் பக்கம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"எறங்குங்க தம்பி எல்லாரும். நாலு நாத்தங்கால் இருக்கு. எது நடவுக்கு ஆயிருக்கு, எதுல நோவு விழுந்திருக்குன்னு பறிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஐந்து பேரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பரிதி வரப்பில் நின்றான்.

"நீங்க?"

பரிதி திரும்பி வேலிப் பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான். இறங்கட்டுமா மாமா என்று அவன் கண் கேட்டது. எனக்கும் அவனுக்கும் நடுவில் இருபதடி தூரம்கூட இல்லை. அந்த நான்கு நாற்றங்காலையும் வந்து நின்ற உடனே அவன் படித்திருப்பான், எனக்குத் தெரியும். ஷூவைக் கழற்றினால் பத்துக் கால்விரலும் சிவப்பாக அந்த அம்மா கண்ணில் படும், கையில் கட்டிய கட்டு பொய் என்று ஆகும், சொல்லிக்கொடுத்தவன் நான் என்று ஆகும். இது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"கையில என்ன தம்பி கட்டு?"

"பைக்ல விழுந்துட்டேன் மேடம்."

"சரி, காலு நல்லாத்தானே இருக்கு? எறங்கிப் பாத்துச் சொல்லுங்க, பறிக்க வேணாம்."

"நாங்க... எங்க வீட்டுல ஆள் வச்சுத்தான் பாப்போம் மேடம். நான் எறங்குனதில்லை."

அந்த அம்மா அவனை முழுசாக ஒரு தடவை பார்த்தார். இளநீலச் சட்டை, பளபள ஷூ எல்லாவற்றையும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலை ஏதாச்சும் வந்தா சொல்லி அனுப்புறோம் தம்பி. இது சேத்துல எறங்குற வேலை. உங்களுக்குச் சரிப்படாது."

மற்றவர்கள் சேற்றுக் காலோடு நின்று சிரித்தார்கள். ஒருவன் நோய் விழுந்த நாற்றங்காலைக் காட்டி நடவுக்கு ஆகிவிட்டது என்றான். பரிதிக்கு உதடு துடித்ததை நான் பார்த்தேன். அவன் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பொய் அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஷூவைக் கழற்றினான். சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல மெல்ல உரித்து எடுத்தான். கைக்கட்டையும் பிரித்து ஜன்னல் வழியே வீசினான். வேட்டி கட்டிய ஒருவர் எதிர் சீட்டில் இருந்து அவன் காலைப் பார்த்துவிட்டு, "சேத்துப்புண்ணா தம்பி? மருதாணி போட்டது நல்லதாப் போச்சு. நடவு முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க" என்றான் பரிதி.

முன்பின் தெரியாத மனிதருக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. எனக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

பாபநாசம் வந்தபோது கேட்டான். "மாமா, துபாய்ல நீங்க யாரையாச்சும் இன்டர்வியூ எடுத்திருக்கீங்களா?"

"தூங்குடா கொஞ்ச நேரம்" என்றேன். அவன் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது நாலரை மணி இருக்கும். மழை விட்டு வெயில் அடித்தது. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தவனைப் பார்த்ததும் கண்ணாத்தாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"கையைப் பாத்து ஏதும் சொன்னாங்களாடா?"

"இல்லம்மா." அவன் உள்ளே போய்விட்டான்.

நான் கால் கழுவ அவர்கள் கொல்லைப் பக்கம் போனேன். கிணற்றடியில் மருதாணிச் செடி வெட்டிக் கிடந்தது. என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்த செடி. நடவு சமயத்தில் தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பறிப்பார்கள். கண்ணாத்தாள் அடியோடு அரிவாளால் வெட்டி, கிளையை எல்லாம் ஒரு மூலையில் இழுத்துப் போட்டிருந்தாள். இலை வாடிச் சுருண்டுவிட்டது. நாங்கள் பஸ் ஏறின கையோடு வெட்டியிருப்பாள். பின்னாலேயே வந்தவளிடம் கேட்டேன்.

"என்ன கண்ணாத்தா இது?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, என்னாலதான்னு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளா தூக்கமே வரலை. படிச்ச புள்ளை கையைக் கெடுத்துப்புட்டேன். இனிமே இந்த வூட்டுல மருதாணியே வேணாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கமணி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காத்தான் மாட்டுக் கொட்டகையில் நின்றான். பரிதி பின்வாசலுக்கு வந்து வெட்டிக் கிடந்த செடியைப் பார்த்தபடி நின்றான். எல்லாரும் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் பேசினேன். இல்லாதபோது பேசினால் அது இன்னொரு திருட்டுத்தனம்.

"கண்ணாத்தா, மருதாணியால வேலை போவலை. இவன் வயல்ல எறங்கியிருந்தா வேலை இவனுக்குத்தான். எறங்கட்டுமான்னு என்னையப் பாத்தான். வேணாம்னு தலையாட்டுனது நான். பொய் சொல்லச் சொன்னதும் நான். காத்தான் மச்சான் கேட்டதுதான் சரி. நான் துபாய்ல ஆபீஸ் வேலை எதுவும் பாக்கலை. தரை தொடைச்சேன். டீ குடுத்தேன். எந்த இன்டர்வியூவும் நான் பாத்ததில்லை. ஷூவைத்தான் பாத்தேன்."

தங்கமணி கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பதினாறு வருஷப் பொய், அவளிடமும் சொன்ன பொய். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன், துப்பட்டும் என்றும் நினைத்தேன். பரிதி என்னை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

கண்ணாத்தாள் என் கையையே பார்த்தாள்.

"ஒம்பது வருஷமுமாண்ணே தரை தொடைச்சீங்க?"

"ஆமா."

"அதான் போட்டோவுல எல்லாம் கையைப் பைக்குள்ளயே வச்சிருக்கீங்களா?"

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சோப்புத் தண்ணி, ஆசிட்டுன்னு நாளெல்லாம் ஊறுனா கையி வெந்து போயிருக்குமே. அங்க உங்களுக்கு யாருண்ணே மருந்து போட்டா?"

யாரும் போடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெட்டிக் கிடந்த செடிக்குப் பக்கத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.